அணி மாறும் ஆட்டக்காரர் – ஒரு பொருளியல் நோக்கு

முன்னுரை

கல்லூரி மலர்களில் விளையாட்டைப் பற்றி வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் வெற்றி வீரர்களைப் பற்றியனவாகவே அமைகின்றன. கோப்பையை ஏந்தியவர், சாதனையை முறியடித்தவர், உலகப் புகழ் பெற்றவர் என உச்சியில் நிற்போரையே நாம் அண்ணாந்து பார்க்கிறோம். அதில் தவறில்லை. ஆயினும் பொருளியல் பயிலும் மாணவன் என்ற முறையில் எனக்கு ஒரு வினா எழுகிறது. ஒரு தொழிலின் இயல்பை அறிய விரும்புவோர் அத்தொழிலில் மிக உயர்ந்த ஊதியம் பெறும் ஒருவரை மட்டும் கண்டால் போதுமா? நூற்பாலையின் நிலையை அறிய முதலாளியின் மாளிகையைப் பார்த்தால் போதுமா? கதிர் ஓட்டும் தொழிலாளியையும் பார்த்தாக வேண்டும் அன்றோ?

இவ்வெண்ணத்துடன் அமெரிக்க நாட்டின் தொழில்முறைக் கூடைப்பந்தை நோக்கினேன். அங்கே விண்மீன்களைப் போல ஒளிவிடும் சிலரும் உண்டு. வந்த சுவடு தெரியாமல் மறைந்தோரும் உண்டு. இவ்விருவருக்கும் இடையே மூன்றாம் வகையினர் ஒருவர் இருக்கிறார். அவர் பத்தாண்டுக்கு மேலும் களத்தில் நிற்கிறார். ஆனால் எந்த ஊரிலும் அவருக்கு நிலையான இடம் இல்லை. ஆண்டுக்கு ஓர் அணி, சில வேளைகளில் ஆண்டுக்கு இரண்டு அணி என மாறிக்கொண்டே இருக்கிறார். கல்லூரி அணியில் பெஞ்சில் அமர்ந்து, முறை வரும்போது மட்டும் களம் இறங்குபவன் நான். ஆதலால் இம்மூன்றாம் வகையினர்பால் எனக்கு ஈடுபாடு மிகுதி. இன்னும் சில திங்களில் பட்டம் பெற்று வெளியேறவிருக்கும் நம்மில் பலர், நிலையான பணியில் அமருமுன் ஓராண்டு ஈராண்டு ஒப்பந்தங்களில் உழைக்க நேரிடலாம். எனவே இவ்வாட்டக்காரரின் வாழ்வை ஆராய்வது வெறும் பொழுதுபோக்கு ஆகாது என்று கருதுகிறேன்.

சொல்லும் பொருளும்

இவ்வகை ஆட்டக்காரரை ஆங்கிலத்தில் ‘ஜர்னிமேன்’ என்பர். ஊர் ஊராகப் பயணம் செய்வதால் இப்பெயர் வந்தது என்று பலர் எண்ணக்கூடும். அச்சொல்லின் வேர் அதுவன்று. பிரெஞ்சு மொழியில் ‘ஜூர்னே’ என்றால் ஒரு நாள், ஒரு நாளைய உழைப்பு என்று பொருள். இடைக்கால ஐரோப்பாவில் தொழிற்குழுக்கள் இருந்தன. அவற்றில் முதற்படியில் தொழில் பழகுவோரும், உச்சியில் சொந்தப் பட்டறை வைத்திருக்கும் ஆசான்மாரும் இருந்தனர். பயிற்சியை முடித்து, தொழிலைத் திறம்படக் கற்று, ஆனால் சொந்தப் பட்டறை இன்றி, நாட்கூலிக்கு வேலை செய்தவரே இடைப்படியில் நின்ற ‘ஜர்னிமேன்’.

நம் ஊர்க் கட்டட வேலையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அங்கே சித்தாள் உண்டு, கொத்தனார் உண்டு, மேஸ்திரி உண்டு. கொத்தனார் தொழில் தெரியாதவர் அல்லர். சுவர் எழுப்பவும், பூசவும், தூக்குக்குண்டு விட்டு நேர் பார்க்கவும் அவர் கை தேர்ந்தவர். ஆயினும் இன்று இந்த வீடு, அடுத்த மாதம் வேறு வீடு. அவர் கட்டிய வீடுகளில் எதுவும் அவருடையது ஆகாது. அவருடன் செல்வது அவர் கைக்கரண்டியும் கைத்திறனுமே. ‘ஜர்னிமேன்’ ஆட்டக்காரரும் இத்தகையவரே. எனவே ‘ஜர்னிமேன்’ என்னும் சொல்லை இகழ்ச்சிச் சொல்லாகக் கொள்ளுதல் பொருந்தாது. தொழில் கற்று முடித்தவர் என்னும் சான்று அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நாடோடிக் குழுக்களின் காலம்

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் தோன்றியது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்கென இதனை வகுத்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார் என்பது நமக்கு நெருக்கமான செய்தி.

உடல் நலத்துக்காகப் பிறந்த இவ்வாட்டம் அமெரிக்காவில் விரைவிலேயே பணத்துக்கு ஆடும் தொழிலாகவும் ஆயிற்று. தொடக்கத்தில் உறுதியான தொழில்முறைச் சங்கம் இல்லை. சங்கங்கள் தோன்றின, மறைந்தன. ஆகவே குழுக்களே ஊர் ஊராகச் சென்று ஆடின. 1923இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ராபர்ட் டக்ளஸ் என்பவர் அமைத்த ‘ரெனைசன்ஸ்’ என்னும் கறுப்பினத்தவர் குழு இதற்குச் சிறந்த சான்று. நிறவேற்றுமையால் வெள்ளையரின் சங்கங்களில் இடம் கிடைக்காத அக்குழுவினர் ஊர்கள்தோறும் அலைந்து ஆடினர். 1939இல் சிகாகோவில் நடைபெற்ற உலகத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியில் வெற்றியும் பெற்றனர்.

1946இல் ஒரு புதிய சங்கம் தோன்றி, 1949இல் மற்றொரு சங்கத்தோடு இணைந்து, என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் ஆயிற்று. அதன்பின் அணிகள் நகரங்களில் வேரூன்றின. இங்கே ஒரு மாற்றம் நோக்கத்தக்கது. முற்காலத்தில் குழு அலைந்தது. உடன் ஆடுவோர் பெரும்பாலும் உடனிருந்தனர். பிற்காலத்திலோ குழு ஓரிடத்தில் நின்றது. தனி ஆட்டக்காரர் அலையலானார். அலைச்சல் ஒழியவில்லை, அது குழுவின் தோளிலிருந்து தனிமனிதரின் தோளுக்கு இறங்கியது.

சந்தையின் அமைப்பு

இவ்வலைச்சலுக்குக் காரணம் ஆட்டக்காரரின் குணமா, அல்லது சந்தையின் அமைப்பா? இதனை ஆராய்வோம்.

என்.பி.ஏ.வில் 30 அணிகள் உள்ளன. ஓர் அணி முழு ஒப்பந்தத்தில் 15 பேரை வைத்துக்கொள்ளலாம். ஆக, உலகம் முழுவதிலும் இத்தொழிலில் உள்ள முழு வேலைகள் 450 மட்டுமே. களத்தில் ஒரே நேரத்தில் ஆடுவோர் ஓர் அணிக்கு ஐவர். ஆகையால் முதல் ஏழெட்டுப் பேருக்கு நிலையான மதிப்பு உண்டு. அதற்குக் கீழே உள்ள இடங்களோ, கோயில் திருவிழாவில் கடை போடும் இடத்தைப் போல, ஆண்டுதோறும் கைமாறுபவை. அவ்விடங்களுக்கு ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் இளைஞர்கள் போட்டிக்கு வருகின்றனர்.

கைமாறும் முறைகள் மூன்று. முதலாவது பரிமாற்றம். ஓர் அணி தன் ஆட்டக்காரரை அவரது ஒப்பந்தத்துடன் மற்றோர் அணிக்கு மாற்றிவிடலாம். தனிப்பட்ட முறையில் அவ்வுரிமையை எழுதி வாங்கிய மிகச் சிலரைத் தவிர, ஏனையோரின் இசைவைக் கேட்க வேண்டுவதில்லை. காலையில் ஒரு நகரில் பயிற்சி செய்தவர் மாலையில் வேறொரு நகருக்கு உரியவர் ஆகலாம். இரண்டாவது விடுவிப்பு. அணி ஒருவரை விடுவித்தால், 48 மணி நேரத்திற்குள் வேறோர் அணி அவரது ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்ளலாம். எவரும் ஏற்காவிடில் அவர் தம் வழியைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். மூன்றாவது பத்து நாள் ஒப்பந்தம். ஜனவரி 5ஆம் நாளுக்குப் பின் ஓர் அணி ஒருவரைப் பத்து நாட்களுக்கு மட்டும் அமர்த்திக்கொள்ளலாம். ஒரே பருவத்தில் ஒருவருக்கு இரு முறை இவ்வாறு தரலாம். அதன்பின் அவரை வைத்துக்கொள்ள விரும்பினால் பருவத்தின் எஞ்சிய காலம் முழுமைக்கும் ஒப்பந்தம் தர வேண்டும். பத்து நாளில் தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டிய தேர்வு என்று இதனைக் கூறலாம்.

இவற்றோடு சம்பள உச்சவரம்பு என்னும் விதியும் உண்டு. ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாகத் தரக்கூடிய ஊதியத்துக்கு 1984-85ஆம் பருவத்திலிருந்து வரம்பு விதிக்கப்பட்டது. அப்பருவத்தில் அது 36 இலட்சம் டாலர். 2023-24இல் அதுவே 13 கோடியே 60 இலட்சம் டாலர் அளவுக்கு உயர்ந்தது. இவ்வரம்பு முற்றிலும் இறுகியதன்று. சில விதிவிலக்குகளின்படி அணிகள் இதனைத் தாண்டுவதுண்டு. அவ்வாறு தாண்டிய அணி ஒரு பெரிய ஆட்டக்காரரைப் பரிமாற்றத்தில் பெற விரும்பினால், ஏறக்குறைய அதே அளவு ஊதியத்தை எதிர்ப்புறம் அனுப்பியாக வேண்டும். துலாக்கோலின் இரு தட்டுகளும் ஒத்து நிற்க வேண்டும். தட்டு சமமாகாதபோது கடைக்காரர் என்ன செய்வார்? சிறு எடைக்கற்களைச் சேர்ப்பார். அச்சிறு எடைக்கற்களே நம் கட்டுரைத் தலைவர்கள்.

சான்று ஒன்று: இஷ் ஸ்மித்

இச்சந்தையில் ஒரு தனிமனிதரின் வாழ்வு எவ்வாறு அமைகிறது என்பதற்கு இஷ் ஸ்மித்தைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை. 1988ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில் பிறந்தவர் இவர். ஆறடி உயரம். நம் நாட்டில் இது நல்ல உயரமே, என்.பி.ஏ.விலோ குள்ளர் வரிசை. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்காக ஆடிவிட்டு 2010இல் தொழிலுக்கு வந்தார். அவ்வாண்டு 30 அணிகளும் முறைவைத்து 60 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தன. அந்த அறுபதில் இவர் பெயர் இல்லை. ஆயினும் ஹூஸ்டன் அணியின் பயிற்சி முகாமுக்குச் சென்று, தம் ஆட்டத்தால் ஓர் இடத்தைப் பெற்றார்.

2011 பிப்ரவரியில் ஹூஸ்டன் அணி ஷேன் பாட்டியே என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரரை மெம்ஃபிஸ் அணிக்கு மாற்றியது. உடன் அனுப்பப்பட்டவர் இஷ் ஸ்மித். அவ்வாண்டின் இறுதியில் மெம்ஃபிஸ் விடுவித்தது. கோல்டன் ஸ்டேட் அணி ஏற்றது. சில ஆட்டங்களுக்குப்பின் அதுவும் விடுவித்தது. 2012 பிப்ரவரியில் ஆர்லாண்டோ. ஓராண்டு கழித்து ஆர்லாண்டோ அணி ஜே.ஜே. ரெடிக்கை மில்வாக்கிக்கு மாற்றியபோது உடன் சென்றவர்களுள் இவரும் ஒருவர். 2013 ஆகஸ்டில் மில்வாக்கி அணி கேரன் பட்லரைப் பெறுவதற்காக ஃபீனிக்ஸுக்கு அனுப்பிய இருவருள் ஒருவரும் இவரே. பின்னர் ஓக்லஹோமா சிட்டி, ஃபிலடெல்ஃபியா, நியூ ஆர்லியன்ஸ். ஆக, முதல் ஆறு பருவங்களில் ஒன்பது அணிகள்! அந்த ஆறில் ஐந்து பருவங்களில் அவர் இரண்டிரண்டு அணிகளின் சட்டையை அணிந்தார்.

நாளிதழ்ச் செய்தியில் முதற்பெயர் எப்போதும் வேறொருவருடையது. இவர் பெயர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரும். இதைப் படிக்கும் நமக்கு, ‘இவர் ஏதோ ஒப்புக்குச் சேர்க்கப்பட்டவர் போலும்’ என்று தோன்றலாம். அவ்வெண்ணத்தை மறுக்கும் நிகழ்ச்சி ஒன்று 2015இன் இறுதியில் நடந்தது.

அப்பருவத்தில் ஃபிலடெல்ஃபியா அணியில் நெடிய இளைஞர்கள் இருந்தனர். ஆனால் பந்தைக் கொண்டுவந்து உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்க்கும் ஆள் இல்லை. முதல் 31 ஆட்டங்களில் அவ்வணி வென்றது ஒன்று, தோற்றது முப்பது. டிசம்பர் 24ஆம் நாள், எதிர்காலத் தேர்வுரிமைகள் இரண்டைக் கொடுத்து, சில மாதங்களுக்கு முன் தானே போகவிட்ட இஷ் ஸ்மித்தை நியூ ஆர்லியன்ஸிடமிருந்து அவ்வணி திரும்பப் பெற்றது. இரண்டு நாள் கழித்து நடந்த ஆட்டத்திலேயே ஃபீனிக்ஸை வென்றது. பருவ முடிவில் அதன் கணக்கு 82 ஆட்டங்களில் 10 வெற்றி. அஃதாவது, இவர் வருமுன் 31இல் ஒன்று. வந்தபின் 51இல் ஒன்பது. இதனைப் பெருவெற்றி என்று எவரும் கூறார். ஆயினும் ஒரு கொத்தனார் வந்ததும் சாய்ந்த சுவர் எவ்வளவு நிமிர்ந்தது என்பதை அளக்க இக்கணக்கு உதவும்.

அதன் பயன் அவருக்கும் கிட்டியது. 2016இல் டெட்ராய்ட் அணி மூன்றாண்டுகளுக்கு 1 கோடியே 80 இலட்சம் டாலர் ஒப்பந்தம் தந்தது. 28ஆம் வயதில்தான் முதன்முறையாக ஓரூரில் தொடர்ந்து மூன்று பருவம் தங்கினார். அடுத்த இரண்டு பருவம் வாஷிங்டன். 2021இல் பிறந்த ஊராகிய சார்லட்டின் அணியில் சேர்ந்தார். ஆறு மாதம் நிறையுமுன்னரே, 2022 பிப்ரவரியில், மான்ட்ரெஸ் ஹாரலைப் பெறும்பொருட்டு அவ்வணி இவரை மீண்டும் வாஷிங்டனுக்கே அனுப்பியது. அதே ஆண்டு ஜூலையில் கென்டேவியஸ் கால்டுவெல்-போப்புடன் டென்வருக்கு மாற்றப்பட்டார். அக்டோபரில் டென்வர் அணிக்காகக் களம் இறங்கியபோது, அதுவரை எவரும் கண்டிராத பதின்மூன்றாம் அணி அவருடையதாயிற்று. 2023 ஜூன் 12ஆம் நாள் மயாமியை வென்று டென்வர் வாகை சூடியது. இறுதிப் போட்டிகளில் அவருடைய இடம் பெரும்பாலும் பெஞ்சுதான். ஆயினும் வாகையர் பட்டியலில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டது. அடுத்த பருவத்தில் மீண்டும் சார்லட் அணிக்கு ஆடினார்.

சான்று இரண்டு: நாற்பத்து மூன்றாம் இடத்தார் இருவர்

இஷ் ஸ்மித்துக்கு முன் பன்னிரண்டு அணிகள் என்பதே உச்ச எண்ணிக்கை. சக்கி பிரௌன், டோனி மாசன்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் ஆகிய நால்வர் அந்நிலையை எய்தியிருந்தனர். இந்நால்வரும் ஒரு தன்மையர் அல்லர். ஜோ ஸ்மித் 1995ஆம் ஆண்டுத் தேர்வில் முதலாவதாகவும், ஜிம் ஜாக்சன் 1992இல் நான்காவதாகவும் எடுக்கப்பட்டவர்கள். பெரும் நம்பிக்கையோடு வரவேற்கப்பட்டவர்கள். உயர்ந்த தொடக்கமும் நிலையான இடத்துக்கு உறுதி தராது என்பதற்கு அவர்கள் சான்று.

பிரௌனும் மாசன்பர்க்கும் மறுமுனையில் தொடங்கியவர்கள். பிரௌன் 1989இல் கிளீவ்லாந்து அணியாலும், மாசன்பர்க் 1990இல் சான் அன்டோனியோ அணியாலும் எடுக்கப்பட்டனர். வியப்பு என்னவெனில் இருவருமே தத்தம் ஆண்டில் 43ஆம் இடத்தில் எடுக்கப்பட்டவர்கள். பிரௌன் டல்லஸ் அணிக்காக ஆடியது ஒரே ஓர் ஆட்டம். பிறகு சிறிய சங்கம் ஒன்றில் யாக்கிமா என்னும் சிற்றூர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவரை, 1995இன் தொடக்கத்தில் ஹூஸ்டன் அணி அழைத்தது. அவ்வாண்டு ஜூனில் ஹூஸ்டன் ஆர்லாண்டோவை நான்குக்குச் சுழியம் என வென்று வாகை சூடியது. சிற்றூரில் ஆடியவர் ஐந்தாறு மாதத்தில் வாகையர் ஆனார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹூஸ்டன் அணி சார்லஸ் பார்க்லி என்னும் பெருவீரரைப் பெறுவதற்காக ஃபீனிக்ஸுக்கு நால்வரை அனுப்பியது. அந்நால்வருள் ஒருவர் பிரௌன். வாகை சூட உதவிய தோள், துலாக்கோலின் எடைக்கல்லாகவும் ஆயிற்று.

மாசன்பர்க்கோ இடையில் ஸ்பெயின் நாட்டிலும் ஆடி, கனடாவின் டொரான்டோ, வான்கூவர் அணிகளிலும் ஆடி, பன்னிரண்டு அணிகளைக் கண்டபின், தாம் தொடங்கிய சான் அன்டோனியோவுக்கே திரும்பி, 2005இல் அங்கே வாகையர் ஆனார். முதல் அணியிலிருந்து அவ்விடத்துக்கு வந்து சேர அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

அவர் விற்கும் சரக்கு யாது?

இனிப் பொருளியலாரின் முதன்மையான வினாவுக்கு வருவோம். ஓர் அணி விட்டுவிட்டவரை மற்றோர் அணி ஏன் வாங்குகிறது? வேண்டாத பொருள் என்றால் எவரும் வாங்கார். பதின்மூன்று முறை கைவிடப்பட்டவர் என்று ஒருவரைக் கூறுவோர், அவர் பதின்மூன்று முறை தேடப்பட்டவர் என்பதையும் உடன் கூற வேண்டும்.

இந்த ஆட்டத்தின் நேரக்கணக்கைப் பார்த்தால் விடை கிடைக்கும். என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம் 48 நிமிடம். பந்து கிடைத்த அணி 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இவ்விதி 1954 முதல் நடைமுறையில் உள்ளது. அந்த இருபத்து நான்கில் எட்டு வினாடிக்குள் பந்து நடுக்கோட்டைக் கடக்க வேண்டும். எஞ்சிய நேரத்தில் ஐவரும் முன்னரே வகுத்த அமைப்பின்படி ஓடி, மறைப்பு இட்டு, ஒருவருக்கு எறிய வழி உண்டாக்க வேண்டும். ஒவ்வோர் அணிக்கும் இத்தகைய அமைப்புகள் பல உண்டு. ஒரே அமைப்புக்கு ஓர் அணியில் ஒரு பெயர். மற்றோர் அணியில் வேறு பெயர், வேறு கைச்சைகை. ஏனையோர் தத்தம் ஓட்டத்தை மட்டும் அறிந்தால் ஓரளவு போதும். பந்தைக் கொண்டுவருபவரோ ஐவரின் ஓட்டத்தையும் அறிய வேண்டும். பிப்ரவரியில் புதிய ஊருக்கு வந்து இறங்குபவருக்கு இவற்றைக் கற்க மாதங்கள் கிடையா. ஒன்றிரண்டு நாளே உண்டு. 82 ஆட்டங்கள் நிறைந்த பருவத்தில் பயிற்சிக்கே நாள் குறைவு.

முதன்மை ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்க அமரும் ஐந்தாறு நிமிடங்களில் முன்னிலை கரைந்துவிடாமல் காப்பதே மாற்று ஆட்டக்காரரின் கடமை. அதில் அவர் பெரிதாக எதையும் செய்து காட்ட வேண்டுவதில்லை. கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இஷ் ஸ்மித்துக்குத் தொலைவிலிருந்து எறிவது வலிமை அன்று. அவரது முதல் பந்தைத் தட்டியபடியே மின்னலென ஓடும் கால்வேகமும், பந்தை இழக்காத கைப்பிடியும், புதிய அமைப்பை விரைந்து பற்றிக்கொள்ளும் அறிவும் ஆகும். இவை எந்த ஊருக்கும் எடுத்துச் செல்லத்தக்கவை. பொருளியலில் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பயன்படும் திறன் என்றும், எங்கும் பயன்படும் திறன் என்றும் இரு வகையாகப் பிரிப்பர். ‘ஜர்னிமேன்’ இரண்டாம் வகைத் திறனின் முழு உருவம். கொத்தனாரின் கரண்டியைப் போல அது அவருடன் செல்கிறது.

‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது நம் பழமொழி. தேரைக் காண வருவோர் அச்சாணியைப் பார்ப்பதில்லை. ஆனால் தேர் செய்யும் தச்சருக்கு அதன் அருமை தெரியும். பதின்மூன்று அணிகளின் பயிற்சியாளர்கள் தச்சரின் கண்கொண்டு பார்த்தவர்கள்.

பாதுகாப்பு எங்கிருந்து வந்தது?

இவ்வளவில் கட்டுரையை முடித்தால், ‘திறமை இருந்தால் போதும், எங்கும் பிழைத்துக்கொள்ளலாம்’ என்னும் எளிய நீதியே கிடைக்கும். அது பாதி உண்மை மட்டுமே. மறுபாதியை வரலாறு காட்டுகிறது.

ஆட்டக்காரர் சங்கத்தை 1954இல் தோற்றுவித்தவர் பாஸ்டன் அணியின் புகழ்மிக்க பாப் கூசி. பத்தாண்டுகள் ஆகியும் ஓய்வூதியத் திட்டம் உறுதிப்படவில்லை. 1964 ஜனவரியில் பாஸ்டனில், தலைசிறந்தோர் மட்டும் ஆடும் ஆட்டம் தொலைக்காட்சியில் நாடெங்கும் காட்டப்படவிருந்தது. பில் ரஸ்ஸல், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேலர் முதலியோர் உடை மாற்றும் அறையிலேயே அமர்ந்து, ஓய்வூதியம் பற்றி உறுதி தந்தாலன்றிக் களம் இறங்க மாட்டோம் என்றனர். உறுதி தரப்பட்டபின்பே ஆட்டம் தொடங்கியது. அன்று அமர்ந்திருந்தோர் அனைவரும் உச்சியில் நின்றவர்கள். அவர்கள் பெற்ற பயனோ கடைசி இருக்கையில் அமர்ந்தவருக்கும் உரியதாயிற்று. இன்று மூன்று பருவம் பணியாற்றிய எவரும் அவ்வோய்வூதியத்துக்கு உரியவர்.

அக்காலத்தில் ஓர் அணி ஒருவரை ஒப்பந்தம் செய்துவிட்டால், காலம் முடிந்த பின்னும் அவர்மீது அதன் உரிமை நீடித்தது. அணி அவரை விற்கலாம். அவர் தாமாக விலக முடியாது. இதனை எதிர்த்து 1970இல் ஆஸ்கர் ராபர்ட்சன் தலைமையில் ஆட்டக்காரர்கள் வழக்குத் தொடுத்தனர். 1976இல் உடன்பாடு ஏற்பட்டு அத்தளை தளர்ந்தது. 1988இல் ஒப்பந்தம் முடிந்த மூத்தோர் எந்தத் தடையுமின்றி விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமையும் வந்தது. இஷ் ஸ்மித் 2016இல் டெட்ராய்டுடன் தம் விலையைத் தாமே பேச முடிந்ததற்கு அடிப்படை அவ்வழக்கே எனலாம்.

மற்றொரு விதி மிக நுட்பமானது. பணியாண்டுகள் கூடக்கூடக் குறைந்தபட்ச ஊதியமும் கூட வேண்டும் என்பது உடன்பாடு. இது நல்லதே. ஆனால் இதில் ஒரு தீங்கும் ஒளிந்திருக்கிறது: மூத்தவருக்கு அதிகம் தர வேண்டும் என்றால், அணி அவரை விட்டு மலிவான இளையவரையே நாடும். உயர்ந்த கூலியே வேலைக்கு உலை வைக்கும். இதற்கு மாற்றாக, மூத்தவர் ஒருவர் ஓராண்டுக் குறைந்தபட்ச ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டால், அவரது ஊதியத்தில் ஒரு பகுதியைச் சங்கத்தின் பொது நிதியே ஏற்கும் என்று விதி செய்தனர். அணிக்குப் பத்தாண்டு அனுபவம் உள்ளவரும் இரண்டாண்டு அனுபவம் உள்ளவரும் ஒரே செலவில் கிடைப்பர். பிறகு தேர்வு திறமையை ஒட்டியே நிகழும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. இவ்வாட்டக்காரர்களின் குறைந்தபட்ச ஊதியமும் இலட்சக்கணக்கான டாலர்களில் அமைவது. ஆதலால் நாட்கூலிக்கு உழைக்கும் எளியவரின் துன்பத்தோடு இவர்கள் நிலையைச் சமன் செய்தல் நேர்மை ஆகாது. நான் ஒப்பிடுவது பணத்தின் அளவை அன்று, வேலையின் அமைப்பையே. ஆயினும் அவ்வளவு செல்வம் புழங்கும் தொழிலிலும், தனிமனிதரின் திறமைக்குப் பின்னே ஒரு பொதுப் பாதுகாப்பு தேவைப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. அவ்வாறெனில், செல்வம் குறைந்த தொழில்களில் அத்தேவை எத்துணைப் பெரிது!

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. நிலையான இடம் வேறு. நிலையான திறன் வேறு. முன்னதைத் தருவதும் பறிப்பதும் சந்தை. பின்னதை ஈட்டுவதும் காப்பதும் நாம். முதல் தேர்வில் அறுபது பெயர்களுள் இடம்பெறாத ஒருவர், இடம் நிலையாத பதினான்கு பருவங்களில் தம் திறனை நிலைநிறுத்தினார் என்பது முதல் உண்மை. அத்திறன் நசுங்காமல் இருப்பதற்கு, தமக்கு முன் நின்றோர் ஒன்றுகூடிப் பெற்றுத்தந்த விதிகள் துணைநின்றன என்பது இரண்டாம் உண்மை. ஒன்றை மட்டும் சொல்பவர் அரைப் பாடத்தையே சொல்பவர் ஆவார்.

மாணவ நண்பர்களே! நாளை நமக்குக் கிடைக்கும் முதற்பணி ஓராண்டுக்கு உரியதாக இருக்கலாம்; அதன்பின் வேறோர் ஊர், வேறோர் அலுவலகம் என அமையலாம். அதனை நம் தகுதியின்மைக்குச் சான்றாகக் கொண்டு உள்ளம் சோர வேண்டுவதில்லை. எங்கும் எடுத்துச் செல்லத்தக்க ஒரு கைத்தொழிலையோ கல்வியையோ செம்மையாகப் பயின்றுகொள்வோம். அத்துடன், என்றேனும் நாம் முன்வரிசைக்கு வந்தால், பின்வரிசையில் இருப்போர்க்காக உடை மாற்றும் அறையில் சற்று நேரம் அமர்ந்திருக்கவும் தயங்காதிருப்போம்.